சூடாத இலைக்கிரீடம்

லொரெதானா அழுதுகொண்டேதான் படியேறி வந்தாள். இத்தாலியக் கடலோர ஊரான கியோஜாவில் மீன்கடை வைத்திருப்பவள். மகன் பட்டம் வாங்குவதைப் பார்க்கக் காலையில் பல்கலைக்கழக நகரமான பாதுவாவுக்கு வந்தவள், இப்போது துப்பறிவாளர் எல்விராவின் முன்னால் புதுச் செருப்பு கடித்த காலோடு உட்கார்ந்திருந்தாள். கூட வந்த இவோ, மகனின் அறைத்தோழன். அவன் கையிலிருந்த பையில் பட்டம் வாங்கியவர் தலையில் சூட்டும், சிவப்பு ரிப்பன் கட்டிய லாரல் இலைக்கிரீடம் இருந்தது.

“ருஜேரோவைக் காணோம்மா. எம் பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு.”

“கடைசியா எப்ப பாத்தீங்க?”

“மத்தியானம். ‘உள்ள இடமில்ல, வெளியவே நில்லுங்க’ன்னு சொல்லியிருந்தான். கூட்டத்தோட வெளிய வந்தான். ‘பாஸாயிட்டேம்மா’ன்னான். எல்லாரும் கட்டிப்பிடிச்சாங்க. நான் கிரீடத்தைத் தலையில வைக்கப் போனேன். நெருப்புப் பட்டமாதிரி துள்ளி விலகிட்டு ஓடிட்டான்.”

“ரூமுக்கு வந்துட்டுப் போயிருக்கான்” என்றான் இவோ. “போன் கட்டில்ல கிடக்கு. பையைக் காணோம். அந்தத் தடிப் புத்தகத்தையும் காணோம், கட்டுமானக் கணக்குப் புத்தகம்.”

எல்விராவின் கொழுந்தன் துல்லியோவுக்குக் கை பரபரத்தது. அஞ்சல்துறையில் ஓய்வு பெற்று அண்ணிக்கு உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் இப்படி ஒரு வழக்குக்காகத்தான் காத்திருந்தான். ஆனால் அவன் சொல்வது பாதிக்கு மேல் தப்பாகவே போகும். அது அவனுக்கும் தெரியும்.

“அண்ணி, கூட்டத்துல யாரையோ பாத்துப் பயந்திருக்கான். பொண்ணு விவகாரம்.”

“உனக்கு எல்லாமே பொண்ணு விவகாரம்தான்.”

அழுகையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று துல்லியோ கிரீடத்தைப் பையிலிருந்து எடுத்தான். “அதுவரைக்கும் நம்ம இவோ பட்டதாரியா இருக்கட்டும்” என்று அவன் தலைக்கு மேல் நீட்டினான்.

இவோ நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தான். “ஐயோ, வேணாம் சார்! எனக்கு இன்னும் ரெண்டு பரீட்சை பாக்கி!”

எல்விரா பேனாவைக் கீழே வைத்தார்.

“லொரெதானா, உங்க வீட்டுல யாராவது காலேஜ் படிச்சிருக்காங்களா?”

“இவன்தாம்மா முதல் ஆள்.”

“அதான் உங்களுக்குத் தெரியல. ரோமாபுரித் தளபதி ஜெயிச்சு வந்தா இந்த இலையைத்தான் சூட்டுவாங்க. கவிஞனுக்கும் இதேதான். ரெண்டாயிரம் வருஷமா இந்த இலை ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது, இவன் செஞ்சு முடிச்சவன்னு. முடிக்காதவன் வச்சுக்கிட்டா?”

“ஒருநாளும் முடிக்க மாட்டான்” என்றான் இவோ மெதுவாக. “இங்க படிக்கிற எல்லாரும் அப்படித்தான் நம்புறோம்.” சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

“பாஸானவனுக்கு இந்த இலைகிட்ட என்ன பயம்?” என்றார் எல்விரா. “உங்க பிள்ளை இன்னும் பாஸாகல.”

லொரெதானாவின் அழுகை சட்டென்று நின்றது. துல்லியோவுக்கு அதுதான் பயமாக இருந்தது. பொய் சொன்ன பையன், போனை விட்டுவிட்டுப் போன பையன். ஊரைச் சுற்றிலும் கால்வாய்.

“அண்ணி, தண்ணிப் பக்கம் போலாம். சீக்கிரம்.”

“போலாம். ஆனா தண்ணிக்காக இல்ல. போர்த்தெல்லோ கால்வாய் ஓரம் மாணவர் படிப்பறை இருக்குல்ல, அங்க.”

துல்லியோ வண்டியை ஓட்ட, லொரெதானா கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பாலத்தருகே கூட்டம் நின்றது. நான்கைந்து பேர் குனிந்து தண்ணீரிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். லொரெதானா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். துல்லியோ வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

நீளமாக, நீலமாக ஒன்று மேலே வந்தது. துடுப்புப் படகு. லொரெதானா திரும்ப வண்டியில் ஏறினாள்.

“அண்ணி, எப்படி இவ்வளவு உறுதியா இருக்கீங்க?”

“இனி வாழ்க்கையே முடிஞ்சுதுன்னு நினைக்கிறவன் கிரீடத்தை வச்சுப்பான், துல்லியோ. அம்மாவைச் சந்தோஷப்படுத்த அது போதும். இவனும் வேணும்னா வச்சிருக்கலாம், எல்லாரும் நம்பிட்டாங்க. ஆனா அந்த நேரத்துலயும், பொய் வெளிய வந்தாலும் பரவாயில்லன்னு விலகினான். இன்னும் படிச்சு முடிக்கணும்னு இருக்கிறவன்தான் அப்படி விலகுவான். அதோட, சாகப் போறவன் கணக்குப் புத்தகத்தைச் சுமந்துட்டுப் போவானா?” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனாலும் வேகமா ஓட்டு.”

படிப்பறையின் கடைசி மேசையில், பட்டமளிப்புக்கு வாங்கிய கோட்டோடு ருஜேரோ உட்கார்ந்திருந்தான். புத்தகம் திறந்திருந்தது. கண் அதில் இல்லை.

“டேய்!”

நிமிர்ந்தவன் அம்மாவின் முகத்துக்கு முன் அவள் கையிலிருந்த கிரீடத்தைத்தான் பார்த்தான். “அம்மா, அதைக் கிட்ட கொண்டுவராத!”

லொரெதானா வாசலிலேயே நின்றுவிட்டாள். கிரீடத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அறையிலிருந்த எல்லாத் தலைகளும் திரும்பின.

“எத்தனைடா பாக்கி?”

“ஒண்ணு. எழுதி எழுதி ஃபெயிலாகுது. எப்படிம்மா சொல்றது? மாமா, சித்தி எல்லாருக்கும் ஓட்டல்ல சாப்பாடு வேற சொல்லிட்ட.”

“சாப்பாடு கிடக்கு. செத்துட்டியோன்னு நினைச்சேண்டா, படுபாவி!”

அவன் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. துல்லியோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

லொரெதானா வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். மீன் வலையின் சிக்கெடுப்பதுபோல் நிதானமாக, கிரீடத்திலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இலைகளை முகர்ந்து பார்த்தாள்.

“நல்ல இலை. விலாங்கு மீன் சுடறப்ப வாசனைக்கு ஆகும்” என்றாள் மகனைப் பார்த்து. “ரிப்பன் வாடாது. அது என்கிட்ட இருக்கட்டும்.”