இருவரும் விழும் ஆட்டம்

சுண்டெலிக்கு வயது பத்து. ஆள் சிறிசு, காது பெரிசு என்பதால் அப்பா வைத்த பெயர் அது. அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, நமக்கு வேண்டாம்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரே கம்பெனியில் வீடியோ கேம் செய்கிறவர்கள். அப்பாவுக்கு ஒலி வேலை. குடை விரியும் சத்தம், கதவு உடையும் சத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. குத்து விழும் சத்தத்துக்கு ஈரத்துணியைத் தரையில் ஓங்கி அறைவார். வீட்டில் துணி துவைக்கச் சொன்னால் மட்டும் அவருக்கு முதுகு வலி வந்துவிடும்.

அம்மாவுக்குச் சோதனை வேலை. ஆட்டத்தை நாள் முழுக்க ஆடிப் பார்த்து, எங்கே கோளாறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்க ஜாலியான வேலைதான். ஆனால் ஒரே கதவை முந்நூறு முறை திறந்து மூடியிருக்கிறார் அம்மா.

இப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு சண்டை ஆட்டம். கம்பெனியின் பழைய ஆட்டம் ஒன்றில் குடைக்காரி என்றொரு வீராங்கனை உண்டு. வேறொரு நாட்டில், வேறொரு கம்பெனியின் ஆட்டத்தில் மணிக்கூண்டன் என்றொரு பூதம் உண்டு. அவனுக்குத் தலைக்குப் பதில் பெரிய கடிகாரம். இருவரில் யார் பெரியவர் என்று பிள்ளைகள் பல வருடங்களாக வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து, இருவரையும் ஒரே ஆட்டத்தில் மோதவிடத் தீர்மானித்தன.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். சுண்டெலிக்கு மட்டும் இல்லை. இரு தரப்பு ஒலிகளையும் பொருத்துவதற்காக அப்பா அந்த நாட்டுக்குப் போக வேண்டியதாகிவிட்டது. மூன்றே மாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு மாதம் ஆயிற்று.

பள்ளி விட்டதும் சுண்டெலி அம்மாவின் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். சோதனை அறையின் மூலையில் ஒரு உபரி இயந்திரம் இருந்தது. முன்பெல்லாம் அப்பாவும் அவளும் செய்து முடியாத இந்த ஆட்டத்தை அதில்தான் ஆடுவார்கள். அவள் குடைக்காரி, அப்பா மணிக்கூண்டன். தோற்றால் அப்பா முணுமுணுப்பார். ஜெயித்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடனம் ஆடுவார்.

இப்போது இரண்டு கன்ட்ரோலரையும் மேசைமேல் வைத்து, வலது கையால் குடைக்காரியையும் இடது கையால் மணிக்கூண்டனையும் அவளே ஆட்டினாள். யார் ஜெயித்தாலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. குடைக்காரி ஜெயித்தால் முணுமுணுக்க ஆள் இல்லை. மணிக்கூண்டன் ஜெயித்தால் ஆட ஆள் இல்லை. அதனால் இருவருடைய பலத்தையும் சமமாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி அடியை இருவரும் ஒரே நொடியில் அடிக்கும்படி பழகினாள். சுலபமில்லை. மூன்று வாரம் ஆயிற்று.

ஒரு நாள் அது நடந்தது. இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். திரை அப்படியே நின்றது. பிறகு ஒரு குரல் சிரித்துக்கொண்டே கேட்டது:

“அட, ரெண்டு பேருமா?”

அப்பாவின் குரல்.

சுண்டெலிக்குப் புரிந்துவிட்டது. ஆட்டத்தின் ஆரம்ப நாட்களில், யார் ஜெயித்தது என்று சொல்லும் அறிவிப்பாளர் குரல் கிடைக்கும்வரை, அலுவலகத்தில் இருப்பவர்களே தற்காலிகமாகப் பேசி வைப்பது வழக்கம். முதலில் எல்லா இடத்திலும் அப்பாதான் பேசியிருந்தார். பிறகு கனத்த குரல்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் மாற்றிப் பேசினார். இந்த ஒரு வரி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. சோதிப்பவர்கள் எல்லோரும் ஜெயிக்கத்தான் ஆடுவார்கள். இருவரையும் ஒன்றாகத் தோற்கடிக்க யாருக்குத் தோன்றும்?

அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் பள்ளி விட்டு வந்ததும் இருவரையும் விழ வைப்பாள். குரல் வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது அப்பா பக்கத்து நாற்காலியில் இருப்பது போலவே இருக்கும். போனில் வருகிற அப்பா களைத்துப்போன அப்பா. “இன்னும் கொஞ்ச நாள்தான்டா” என்பதற்குள் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். சிரிக்கிற அப்பா இந்த இயந்திரத்துக்குள்தான் இருந்தார்.

ஆட்டத்தைச் செய்யும் வேலை ஏறக்குறைய முடிந்தது. ஆனாலும் அப்பா வரவில்லை. ஏன் என்பது பெரிய மேடமும் அம்மாவும் பேசிக்கொண்டபோது சுண்டெலியின் பெரிய காதில் விழுந்தது. கம்பெனியின் தலைவியை எல்லோரும் பெரிய மேடம் என்றுதான் சொல்வார்கள்.

யாரும் கன்ட்ரோலரைத் தொடாமல் இருந்தால், ஆட்டம் தானாகவே ஒரு சண்டையைப் போட்டுக் காட்டும். கடையில் பார்க்கிறவர்களை இழுப்பதற்கு அது. அதில் குடைக்காரி தோற்கக் கூடாது என்று இந்தக் கம்பெனி சொன்னது. மணிக்கூண்டன் தோற்கக் கூடாது என்று அந்தக் கம்பெனி சொன்னது. நேரம் முடிந்து சமம் என்று காட்டினால் பார்ப்பவன் தூங்கிவிடுவான். கடிதம் மேல் கடிதம் போய்க்கொண்டிருந்தது. இது முடிந்தால்தான் கடைசி ஒலிகளைச் சேர்த்துவிட்டு அப்பா கிளம்ப முடியும்.

அம்மா மெதுவாகக் கேட்டார், “இன்னும் எத்தனை நாள் ஆகும் மேடம்?”

“அவங்களும் இறங்கி வரமாட்டேங்கறாங்க, நம்மளும் இறங்கமாட்டேங்கறோம். எனக்கே தெரியலம்மா.”

சுண்டெலிக்கு உடனே விடை தெரிந்தது. ஆனால் சொன்னால் அந்த இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்தால் அப்பாவின் குரலை எடுத்துவிடுவார்கள். அந்தக் குரல் இருக்கும் இந்தப் பதிப்பை வீட்டுக்கு எடுத்துப்போகவும் அனுமதி இல்லை. போனில் அப்பாவை அந்த வரியைச் சொல்லச் சொல்லலாம்தான். ஆனால் கேட்டு வாங்கினால் அதில் அந்தச் சிரிப்பு இருக்காது.

அன்றும் மறுநாளும் அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா போனில் பேசினார். பேச்சை முடிக்கும்போது, “உன் பல்லு விழுந்துச்சே, முளைச்சிடுச்சா?” என்று கேட்டார். அது முளைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த நாள் சுண்டெலி பெரிய மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தா யாரும் தோக்க மாட்டாங்கல்ல மேடம்?”

பெரிய மேடம் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். ஆட்டத்தில் அப்படியெல்லாம் விழ வைப்பது நடக்காத காரியம் என்றார். சுண்டெலி அவரை மூலை இயந்திரத்துக்கு அழைத்துப் போனாள். அம்மாவும் எழுந்து வந்து பின்னால் நின்றார். வலது கை, இடது கை. குடை சுழன்றது, மணி அடித்தது, இருவரும் ஒரே நொடியில் சாய்ந்தார்கள்.

“அட, ரெண்டு பேருமா?”

அம்மாவின் கை சுண்டெலியின் தோளை இறுகப் பிடித்தது. பெரிய மேடம் சிரித்தார். ஏழு மாதத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இதைப் பார்ப்பவன் அடுத்து என்ன என்று கட்டாயம் கன்ட்ரோலரைத் தொடுவான் என்றார். அன்றே அந்தக் கம்பெனிக்கு எழுதினார். மூன்றாம் நாள் சம்மதம் வந்தது.

அம்மா கோளாறுத் தாளை எடுத்தார். ‘தற்காலிகக் குரல் உள்ளது, மாற்ற வேண்டும்’ என்று எழுத வேண்டும். பேனா தாளைத் தொட்டபடி நின்றது.

“இது மாறிடும்னு தெரிஞ்சேதான் சொன்னியா?”

“அப்பா வரணும்ல.” பேனா பிடித்த கையை லேசாகத் தட்டி, “எழுதும்மா” என்றாள்.

அம்மா எழுதினார். அன்று சுண்டெலி வீடு போகும்வரை அழுதாள். அம்மா தடுக்கவில்லை, பைகள் எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு வந்தார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக் கூடத்தில் புதிய ஆட்டம் ஓடியது. இப்போது சுண்டெலியிடம் ஒரு கன்ட்ரோலர்தான் இருந்தது. குடை சுழன்றது, மணி அடித்தது. வேண்டுமென்றே செய்யவில்லை, தானாகவே நடந்தது. இருவரும் ஒன்றாக விழுந்தார்கள்.

“இருவரும் வீழ்ந்தனர்” என்று கனத்த குரல் முழங்கியது.

அது அடங்கும் முன்பே பக்கத்து நாற்காலியிலிருந்து சிரிப்போடு இன்னொரு குரல் வந்தது.

“அட, ரெண்டு பேருமா?”

இந்த முறை சுண்டெலி கண்ணை மூடவில்லை.