வடிகுழாயில் வாய் வைத்தவன்

மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டபடி அந்த வெள்ளைக் கார் சைதாப்பேட்டைக்குள் வந்தது. ஆற்றை ஒட்டிய சந்தில் செம்பியனின் கார் ஏசி ஷெட். வண்டியை ஓட்டிவந்த ஹஸன், நிறுத்திய கையோடு இறங்கி எதிர்ச்சுவர் நிழலில் போய் நின்றுகொண்டார். ராஜா அண்ணாமலைபுரத்து ஜவுளிக்கடை முதலாளி வீட்டு வண்டியாம். ஏசி சூடாக ஊதுகிறதாம். மூன்று இடங்களில் காட்டியாகிவிட்டதாம். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் பெயரவில்லை.

செம்பியன் ஐந்து மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். அவனுடைய பத்து மாதக் குழந்தை மணிமொழி, நிமோனியாவில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முந்தாநாள்தான் வீடு திரும்பியிருந்தாள். நெஞ்சில் இன்னொரு தடவை ஏதாவது தொற்றினால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஷெட்டிலேயே சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் அவளைத் தொட்டான். ஆயிலில் ஊறிக் கிடந்தவனுக்கு வந்த திடீர்ச் சுத்தத்தைப் பார்த்துச் சந்தே கேலி பேசியது.

காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டான். ஒரு வாடை அடித்தது. மூடிக் கிடந்த வண்டிகளின் பூஞ்சை வாடை அவனுக்குப் பழக்கம். இது அது இல்லை. நாள்கணக்கில் பல் தேய்க்காத வாயின் வாடை. காற்றும் கொதிக்கவில்லை. வெதுவெதுவென்று, ஈரமாக, கன்னத்தில் பிசுபிசுத்தது. சீ என்று துடைத்துக்கொண்டான்.

கேஸ் அளவு சரியாக இருந்தது. கம்ப்ரஸர் ஓடியது. பானெட்டைத் திறந்தால் குழாய் ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. உள்ளே வரும் காற்று மட்டும் சூடு. காற்று வரும் வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகினான். முப்பத்தேழு. விசிறியைக் கூட்டினான், குறைத்தான். முப்பத்தேழு. பன்னிரண்டு நாள் மகளுக்குக் காய்ச்சல் பார்த்தவனுக்கு அந்த எண் தெரியும். எஞ்சின் சூடு இல்லை அது, மனித உடம்பின் சூடு.

ஃபில்டரை உருவினான். போன வாரம் மாற்றியது என்று ஹஸன் எட்டி நின்றே சொன்னார். அது முழுக்கக் கொழகொழவென்று மஞ்சள் சளி. விரலில் நூல்நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. லுங்கியில் துடைக்கக்கூட அருவருப்பாக இருந்தது, மண்ணில் தேய்த்தான்.

காற்று எப்படி வருகிறது என்று பார்க்க வென்ட்டில் ஒரு காகிதத் துண்டை ஒட்டினான். துண்டு வெளியே பறந்தது. பிறகு உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி வெளியே. மறுபடி உள்ளே.

ஏசியை அணைத்தான்.

காகிதம் நிற்கவில்லை.

அப்போதே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் தொழில்காரனின் வீம்பு விடவில்லை. தண்ணீர் வெளியேறும் வடிகுழாய் அடைத்திருக்கும், அதனால்தான் காற்று முட்டித் திரும்புகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காருக்கடியில் புகுந்தான். குழாயில் சொட்டு நீர் இல்லை. காற்று மெஷினால் அடித்துவிடலாம் என்றால் கரண்ட் போயிருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் ஷெட்காரர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். குழாய் முனையைத் துடைத்து, வாயில் வைத்து, ஓங்கி ஊதினான். பழக்கதோஷம்.

உள்ளே மெத்தென்று ஏதோ நகர்ந்தது.

பிறகு அது திரும்ப ஊதியது.

வெதுவெதுப்பாக, கெட்டியாக, நாக்கின்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. துப்புவதற்குள் தொண்டை தாண்டிவிட்டது. செம்பியன் உருண்டு வெளியே வந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான். காலையில் தின்ற இட்லி வந்தது. விழுங்கியது வரவில்லை.

வண்டி சொட்டுச் சொட்டாகத் தெளிந்த நீரை வடித்தது. ஏசியைப் போட்டுப் பார்த்தால் ஆறு டிகிரி, நல்ல குளிர்ச்சி. ஹஸன் முதல் முறையாகக் கிட்டே வந்து வென்ட்டில் கை வைத்தார். அவர் முகம் வெளுத்தது.

"வாய வச்சி ஊதினியா நைனா?"

செம்பியன் தலையசைத்தான். போன மழை வெள்ளத்தில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்து இதே காரை எடுக்கப் போன முதலாளி வீட்டுப் பெரியவர் நல்லசிவம் அதிலேயே மாட்டிக்கொண்டதையும், மூன்றாம் நாள்தான் தண்ணீர் வடிந்ததையும் ஹஸன் அப்போதுதான் சொன்னார். மெக்கானிக் யாருக்கும் தெரியக் கூடாது என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருந்தார்களாம்.

"நான்தான் தூக்கினேன். காத்துக்காக அந்த வென்ட்டுலயே வாய வச்சிக்கினு இருந்துகீறாரு. பிச்சித்தான் எடுத்தோம்."

செம்பியன் மூன்று முறை குளித்தான். உப்பை வைத்து ரத்தம் கசியும்வரை நாக்கைத் தேய்த்தான். வாடை போகவில்லை. வெளியிலிருந்து வந்தால்தானே போவதற்கு.

வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். மனைவி அன்புக்கரசி, இடுப்பில் பிள்ளையும் கையில் கஞ்சிக் கிண்ணமுமாக எதிரே வந்தாள்.

"கொஞ்சம் ஊதிக் குடு, சூடா கீது."

தனக்குச் சளி பிடித்திருக்கிறது, கிட்டே வராதே என்று முகத்தைத் திருப்பியபடி சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. அதற்குள் மணிமொழி சிரித்துக்கொண்டு அவன் சட்டையை எட்டிப் பிடித்துவிட்டாள். செம்பியன் இரண்டு கைகளாலும் வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்திக்கொண்டான். மூச்சை அடக்கி மனசுக்குள் எண்ணினான். முப்பது. அறுபது. நூறு. நெஞ்சு அடைக்க வேண்டும், அடைக்கவில்லை.

மூடிய கைகளுக்கு நேரே, மகளின் நெற்றி முடி மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தது.

பிறகு அவன் பக்கம் சாய்ந்தது.