வடிவுக்குப் பின்னால் ஒரு கமா

கொழும்புக் காலி வீதியின் கடற்பக்கம் மட்டும் மழை! எதிர்ப்பக்கம் ஒரு பொட்டுத் துளி இல்லை. வெள்ளவத்தைப் புடவைக்கடை வாசலில் அவள் வாயைப் பிளந்தபடி நின்றாள். கையில் மடித்த குடை... தலையெல்லாம் ஈரம்.

"குடையை வச்சுக்கொண்டே நனையிறீங்கள்? அது நனைஞ்சால் தடிமன் வருமெண்டோ?"

திரும்பினாள். நெடிய இளைஞன் ஒருவன். வாய்க்கு முன்னே கண்கள் சிரித்தன.

"உங்க வேலையப் பாருங்க" என்றாள் வெடுக்கென்று.

அவன் மழையைப் பார்த்தான். "அட, குடைக்காரி எழுதினது உண்மைதான்! ரோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் பெய்யுது!"

ஐயோ... குடைக்காரி அவள்தான்!

கொட்டாஞ்சேனையில் அண்ணன் காளியப்பனோடு இருப்பவள். வேலை முடிந்ததும் இன்ரநெற் கஃபேயில் உட்கார்ந்து, அன்று கண்ட அதிசயத்தைப் புனைபெயரில் வலைப்பதிவாக எழுதுவாள். சண்டைக்காலம். அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: "ஒம் பேரு மட்டும் வெளிய தெரியக் கூடாது புள்ள. தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திடணும்."

போன மாதம் 'பாண்துண்டு' என்று ரொட்டித்துண்டைப் பெயராக வைத்துக்கொண்டு யாரோ பின்னூட்டம் போட்டிருந்தார். "வடிவு, நிப்பாட்டாமல் எழுதுங்கோ."

அவளுடைய பெயரே வடிவு! அழகு என்று சொல்ல வெள்ளவத்தையில் நாளெல்லாம் காதில் விழும் சொல்தான். ஆனாலும் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? பயந்துபோய் அன்றோடு நிறுத்திவிட்டாள். பார்த்த அதிசயமெல்லாம் சொல்ல ஆளில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே தேங்கிக் கிடந்தது.

"யாரது குடைக்காரி?" ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"இன்ரநெற்றில எழுதுற பிள்ளை. மருதானை ஸ்டேசன்ல அவ்வளவு சனம் இறங்கியும் ஒருத்தரை ஒருத்தர் இடிக்காமல் போகுதே எண்டு எழுதினவ. நான் ஒவ்வொரு நாளும் அதால போறனான்... ஒருநாளும் கவனிக்கேல்லை!" அவன் முகம் வாடியது. "இப்ப எழுதுறதில்லை. நான்தான் ஏதும் பிழையா எழுதிப்போட்டனோ தெரியாது. வடிவு எண்டுதான் போட்டனான்."

"எந்த வடிவு?"

"எழுத்து வடிவு எண்டு! வேற என்ன வடிவு?"

கடவுளே... பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் காட்டிய ஒரு கமாவுக்குப் பயந்தா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்? சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. இத்தனை சனம் உள்ள கொழும்பில் அந்தப் பாண்துண்டு இந்த மழைக்கு, இந்த வாசலிலா வந்து ஒதுங்க வேண்டும்!

அவன் அவளையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தான். "குடையை விரிக்க மறந்து மழை பார்க்கிறதாலதான் அந்தப் பேர் எண்டு எழுதியிருந்தவ..." குரல் இறங்கியது. "நீங்களோ?"

அவள் தலை குனிந்தாள்.

"உங்கட உண்மையான பேர் என்ன?"

சோதனைச்சாவடிக்காரர் மாதிரி அடையாள அட்டை கேட்காமல் பெயரை மட்டும் கேட்கிறான்! சொன்னால் எழுத்து போச்சு. சொல்லாவிட்டால்... இவன் போய்விடுவான்.

"வடிவு."

"ஓம், நல்ல வடிவான மழை. பேரைச் சொல்லுங்கோவன்."

"அதாங்க பேரு!"

அவளை அதிசயமாகப் பார்த்துக்கொண்டே நின்றான். "அப்ப... தெரியாமலே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறன்! நான் சேந்தன். முகம் பார்க்க முதலே எனக்குக் குடைக்காரியில விருப்பம் வந்திட்டுது."

"பேரு வெளிய தெரிஞ்சா நிறுத்தணும்னு அண்ணன் சொல்லியிருக்காரு..."

"வெளியில தானே? அண்ணனிட்ட வந்து கதைக்கிறன். என்னை வீட்டாளாக்கிப்போட்டால் சரி!"

காது வரை சூடேறியது அவளுக்கு. முகத்தை மறைக்கத்தான் குடையை விரித்தாள்.

"நாளைக்கு இந்த மழைய எழுதுறேன். பின்னூட்டம் போடுவீங்களா?"

"போடாமலோ! வடிவு எண்டு போடுவன். கமாவோடயோ, கமா இல்லாமலோ?"

குடைக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது.

"கமாவோட..."