ஏழே நாளில் சிவப்பு

செவ்வாய்க் கிரகத்துத் தமிழ்க் குடியிருப்பில் விடிந்ததும் முதல் வேலை, படுக்கையில் உதிர்ந்து கிடக்கும் தோலைக் கூட்டி அள்ளுவது. அதை மறுசுழற்சிக் குழாயில் போட்ட பிறகுதான் காபி. காற்றில் ஈரம் பேருக்குக்கூடக் கிடையாது. தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பில் வெளியிலிருந்து வரும் செம்மண் தூசி இறங்கினால் ரத்தம் நஞ்சாகும்.

அதற்காகத்தான் வேதியியலாளர் மங்களேஸ்வரி இடுக்குநெய் தயாரித்தாள். கொழுப்பமிலமும் ஆல்ககாலும் சேர்ந்து பிறக்கும் எஸ்டர் அது. சுவர் விரிசலில் பூச்சு இறங்குவதுபோலத் தோல் செதில்களின் இடுக்கில் புகுந்து அடைத்துக்கொள்ளும். தோல் வழவழப்பாகும், உள்ளிருக்கும் ஈரமும் லேசில் ஓடிப்போகாது. நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

யார் பூசினார்கள்? பிசுபிசுப்பு என்றார்கள். வாசனை போதாது என்றார்கள். அவள் பெற்ற மகள் பூந்துளிரே, விரல் நுனியெல்லாம் ரத்தம் கசிந்தும் டப்பாவைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்.

"இதப் போட்டா கலர் வருமாம்மா?"

இத்தனை கோடி மைல் தாண்டி வந்தும் இந்தப் பித்து தொலையவில்லையே என்று மங்களேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. பிள்ளை பிழைத்தால் போதுமென்று ஒரு பொய்க்குத் துணிந்தாள். டப்பாவின் மேல் 'ஏழே நாளில் சிவப்பு' என்று அச்சடிக்கும்படி, நெய் கலக்கும் ரோபோவான கலவையனிடம் சொன்னாள். அது மறுபேச்சில்லாமல் அச்சடித்தது.

மறுநாள் வரிசை மூன்று கூடம் தாண்டி நின்றது. நான்காம் நாள் பூந்துளிரின் விரல்கள் ஆறத் தொடங்கின. தாய்க்கு அன்றுதான் ஒரு வாய் சோறு இறங்கியது.

ஆறாம் நாள் காலை மகளின் கன்னம் செங்கல் நிறத்தில் இருந்தது. பதறிப்போய்க் கலவைக் கூடத்துக்கு ஓடினாள். கலவையன் நிதானமாக விளக்கியது. அட்டையில் எழுதியிருப்பது உள்ளே இருக்க வேண்டும் என்பது சட்டமாம். ஐந்து நாளாகியும் ஒருவரும் சிவக்கவில்லையாம். ஆகவே வெளியே கிடந்த செம்மண்ணை மாவாய் அரைத்து, நேற்று மாலை கொடுத்த புது டப்பாக்களில் சேர்த்துவிட்டதாம். நம்மவர் சிவப்பு என்றால் வெளுப்பு என்று அந்த ஜடத்துக்கு யார் சொன்னார்கள்?

ஈரத்துணியோடு திரும்பி வந்தவள் எல்லாவற்றையும் மகளிடம் சொல்லி அழுதாள். அட்டையில் இருப்பது தான் எழுதிய பொய், டப்பாவில் இருப்பது நஞ்சு மண், விரல் வெடிப்பு இன்னும் மூடவில்லை, இப்போதே துடைத்துவிடு என்று கெஞ்சினாள்.

பூந்துளிர் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

"ஏழு நாள்னுதானம்மா போட்டிருக்கு. இன்னும் ஒரு நாள் பொறு. மொதல்ல இப்படித்தான் செவக்கும், அப்புறம் வெளுத்துரும்."