மூன்றாவது கை

போன வாரம் வரை எனக்கு மூன்று கைகள் இருந்தன.

இரண்டு, எல்லோரையும் போலப் பிறக்கும்போதே கூட வந்தவை. மூன்றாவது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில் கிடைத்தது. அலுவலகத்தில் ஒரு சால்வையும் ஓடாத சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். மலை தன் பங்குக்கு ஒரு கையைக் கொடுத்தது. இடது தோளில், கழுத்துப் பட்டையை ஒட்டி, நான்கு விரல் முன்னாலும் கட்டை விரல் பின்னாலுமாக. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சவாலாக வந்து தொட்டுப் பார்த்தார். பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவர், இன்றுவரை டம்ளரைப் பற்றி விசாரிக்கவில்லை.

புளுகு என்பீர்கள். தப்பில்லை. என் தொழில் கண்ணாடி துடைப்பது என்றால், என் பொழுதுபோக்கு புளுகுவது. மலை உச்சியில் இருக்கும் வானிலை... இல்லை, மழை சொல்கிற இடமில்லை, நட்சத்திரம் பார்க்கிற வான்நோக்குக் கூடம். அங்கே பெரிய தொலைநோக்கியின் கண்ணாடியைச் சோப்பு நீராலும் பஞ்சாலும் கழுவிப் பாதுகாக்கும் வேலையில் என் ஆயுளே போயிற்று. நான் ஒருமுறை தும்மியதில் விழுந்த எச்சிலைப் புது நட்சத்திரக் கூட்டம் என்று அறிவித்து ஒரு விஞ்ஞானி விருது வாங்கினார் என்று போகிற விருந்திலெல்லாம் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் இலையிலிருந்து தலை தூக்காமல், "ஆதாரம்?" என்பார்.

அவர் என் தங்கை புருஷன். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் உத்தியோகம். எரிந்த கடையைப் பார்த்தாலும், கவிழ்ந்த வண்டியைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான் என்பதால், அவருக்கு ஆதாரம் என்றே பெயர் நின்றுவிட்டது. என் தங்கையும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

தங்கை தையல்காரி. கண்ணுக்குப் பின்னால் ஏதோ நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச காலம்தான் பார்வை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசியில் நூல் கோக்க ஏற்கனவே புருஷனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். இருட்டுவதற்கு முன்னால் சனி கிரகத்தின் வளையத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அண்ணன் முப்பது வருஷம் துடைத்த கண்ணாடியில் அதைப் பார்க்காமல் கண்ணை மூடுவதா என்பது அவள் கேள்வி. நானும் மேலே சொல்லி அனுமதி வாங்கினேன்.

வண்டி போகிற ரோடு மண்சரிவில் போயிருந்தது. மிஞ்சியது காட்டுப் பாதைதான். அந்தப் பாதையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகே அந்தி தொடங்கிவிடும். மரங்கள் தலைக்கு மேலே விரல் கோத்துக்கொண்டு நிற்கும். மழை நின்று பல நாள் ஆனாலும் இலையிலிருந்து சொட்டு விழும். மக்கிய இலை வாசமும் ஈரக் கல் வாசமும் மூக்கிலேயே தங்கிவிடும். அட்டைகள் என் செருப்பு நீளம் இருக்கும். ஆதாரம் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார் என்பதால், செருப்பின் வார் நீளம் என்று திருத்திக்கொள்கிறேன்.

இடிந்த கைப்பிடிச் சுவர் ஒன்று வரும். அதற்கு மேல் யாரும் விளக்கு ஏற்றக் கூடாது. பாதையில் ஒரு டார்ச் அடித்தால் மேலே இருப்பவர்களின் வானம் கெட்டுப் போகும். அதனால் நாங்கள் வேலையாட்கள் எல்லோரும், முன்னால் போகிறவர் தோளில் கை வைத்து ரயில் மாதிரி ஏறுவோம். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகிறவர் "கடைசி யாரு?" என்று கேட்க வேண்டும். கடைசி ஆள் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். பாதி வழியில் இடம் மாறக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, பதில் வராவிட்டால் வேறு யாராவது கடைசி ஆளாகிவிடுவார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். சொல்லும்போது சிரிக்க மாட்டார்கள்.

சுவரைத் தாண்டியதும் நான் முன்னால், நடுவில் தங்கை, கடைசியில் ஆதாரம் என்று கோத்துக்கொண்டோம். தங்கையின் விரல்கள் என் தோளில் சும்மா இருக்கவில்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டக்டக்கென்று தட்டிக்கொண்டே வந்தன. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம்.

முதல் வளைவில் கேட்டேன். ஆதாரம் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன்.

"கடைசி யாருன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்," என்றார். "மூணு பேருக்கு இது ஒரு கேள்வியா மச்சான்?"

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த வளைவில் கேட்டபோது அவர் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டார்.

"நான்தான்."

ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. ரொம்ப நாள் பேசாமல் கிடந்த தொண்டை. அது ஆதாரத்துக்கும் பின்னாலிருந்து வந்தது.

இலைச் சொட்டு நின்றுவிட்டது.

"பிரமாதம் மச்சான்," என்றார் ஆதாரம். "வயித்துலேர்ந்து பேசற வித்தையும் கைவசம் இருக்கா?"

வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் சொல்வதற்குப் புளுகு எதுவும் இல்லை. நான் இல்லை என்றேன். நான் இல்லை என்றால் நான்தான் என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். தானே முன்னால் போவதாகவும், என் குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதாகவும் சொல்லி வரிசையை விட்டு விலகினார். இடம் மாறக் கூடாது என்று கெஞ்சினேன். வழக்கமான ஒற்றைச் சொல்லால் என் வாயை அடைத்தார்.

தங்கைதான் முடித்து வைத்தாள். "விடுங்கண்ணா, போகட்டும். சிலந்தி வலையெல்லாம் அவர் மூஞ்சில ஒட்டும். நமக்கு லாபம்தானே."

அப்படித்தான் அவள் கடைசி ஆளானாள்.

ஆதாரம் முன்னால், நான் நடுவில். அவர் ஏளனமாக இழுத்து இழுத்துக் கேட்டார். அவள் லேசாக மூச்சு வாங்கியபடி "நான்தான்" என்றாள். அவளேதான், அவள் குரலேதான். அடுத்த வளைவிலும் அப்படியே. பாதை செங்குத்தாக ஏறத் தொடங்கியது. கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாத இருட்டு. காட்டில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. எங்கிருந்தோ அணைத்த அடுப்பில் தண்ணீர் ஊற்றின வாசம் வந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன்.

தோளில் தட்டல் இல்லை.

கை இருந்தது. விரல்கள் அசையாமல் இருந்தன.

"கால் வலிக்குதாம்மா?" என்றேன்.

"நான்தான்."

புருஷனைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"நான்தான்."

அதே நீளம். அதே இடத்தில் அதே மூச்சு வாங்கல்.

ஆதாரம் நின்றார். அவர் முதுகில் என் நெஞ்சு இடித்தது. வீட்டில் அவளைக் கூப்பிட அவருக்கு மட்டும் சொந்தமான ஒரு செல்லப் பெயர் உண்டு. எங்கள் முன்னால் அவர் அதைச் சொன்னதே இல்லை. மெதுவாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"நான்தான்."

பை திறக்கும் சத்தம் கேட்டது. சட்டத்தை மீறி டார்ச்சைப் போட்டார். வெளிச்சம் என் காதை உரசிக்கொண்டு பின்னால் போனது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முகம்தான். நாலாயிரம் விபத்து பார்த்த முகம் என்று நான் மிகைப்படுத்துவேன், நானூறாவது இருக்கும். அப்படி ஒன்றை அந்த முகம் பார்த்ததில்லை.

டார்ச்சை அணைத்தார்.

"நடங்க மச்சான்," என்றார். "திரும்பாம நடங்க."

நடந்தோம். அதற்குப் பிறகு எந்த வளைவிலும் அவர் கேட்கவில்லை. கேட்காமலே பின்னாலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது.

மேலே கேட்டில் காவல்காரர் சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கோடு நின்றார். மூன்று பேர் என்று சொன்னார்களே, இரண்டு பேர்தான் வருகிறீர்களா என்றார்.

திரும்பினேன். பாதை காலியாக இருந்தது.

கை மட்டும் தோளில் இருந்தது.

என் வலது கையைக் கொண்டுபோய் அதைத் தொட்டேன். கண்ணுக்குத் தெரியாத கை. குழாய்த் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி. ஆள்காட்டி விரலின் நுனி, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போயிருந்தது.

தேடினார்கள். போலீஸ் வந்தது, நாய்கள் வந்தன. அவள் துணியை மோப்பம் பிடித்த நாய்கள் பாதையை ஒரு தடவை முழுக்க ஏறிவந்து, நேராக என் முன்னால் உட்கார்ந்துகொண்டு இடது தோளைப் பார்த்து ஊளையிட்டன. நடந்ததை நடந்தபடியே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். தும்மல் நட்சத்திரக் கதையைக் காவல்காரர் அவருக்கு ஏற்கனவே சொல்லியிருந்தார். என் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை நான் சொன்ன அந்த வாக்குமூலம்தான், அது விலை போகவில்லை.

ஆதாரத்தின் வாக்குமூலத்தை நம்பினார்கள். இருட்டில் வழி தவறிப் போயிருப்பாள் என்றார். எந்தக் குரலும் கேட்கவில்லை என்றார். டார்ச் போடவே இல்லை என்றார்.

மூன்று மழைக்காலம் அவரோடு சண்டை போட்டேன். நடந்தது என்று ஒரே ஒரு தடவை ஒத்துக்கொள்ளச் சொன்னேன். தோளைத் தொட்டுப் பார்க்கக் கூப்பிட்டேன். அவர் என் இடது பக்கமே உட்கார மாட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நடந்தது என்று சொல்லிவிட்டால் அவள் வர மாட்டாள். வழி தவறியவள் என்றால் ஒருநாள் வழி கேட்டு வந்துவிடலாம். அதனால் வாசல் விளக்கைப் பகலிலும் அவர் அணைப்பதில்லை. அவள் தையல் மெஷினைத் துடைத்து, ஊசியில் நூலைக் கோத்தே வைத்திருப்பார். பார்வை குறைந்து வருகிறவள் தடுமாறக் கூடாதாம். எதற்கும் ஆதாரம் கேட்கிற மனுஷன், அதற்கு மட்டும் கேட்கவில்லை.

போன வாரம் சாயங்காலம் இரண்டு பேருமாகக் கடைக்குப் போய் வாசல் விளக்குக்கு மாற்றாக ஒரு பல்பும் ஒரு நூல்கண்டும் வாங்கி வந்தோம். அவர் குடியிருப்பில் லிப்ட் வேலை செய்யவில்லை. மாடிப்படி ஏறும்போது கரண்டும் போயிற்று. நான் முன்னால், பையோடு அவர் பின்னால். முதல் திருப்பத்தில் எனக்குக் குறும்பு எட்டிப் பார்த்தது. அவரைச் சீண்ட வேண்டும், அவ்வளவுதான். பழைய மாதிரி கேட்டேன்.

"கடைசி யாரு?"

திட்டுவார் என்று நினைத்தேன். பதில் சொல்லவே அவர் மூச்சை இழுத்தது கேட்டது.

"நான்தான்."

அவருக்குக் கீழே, இரண்டு படி தள்ளி. லேசான மூச்சு வாங்கல்.

என் தோள் சட்டென்று லேசாயிற்று. அத்தனை நாளாகச் சுமந்த எடை இல்லாமல் நான் முன்னால் சாய்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அதே நேரம் பின்னால் பை விழுந்தது. பல்ப் உடைந்தது.

ஆதாரம் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே இருட்டைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

அந்தப் பதிலுக்காக அவர் காத்திருந்த மாதிரி யாரும் எதற்கும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"நான்தான்."

 மேலே போய்க் கதவைத் திறந்தோம். கரண்ட் வந்தது. வாசல் விளக்கு எரிந்தது. அவர் கை நீட்டி அதை அணைத்தார். மெஷின் பக்கம் போய் ஊசியிலிருந்து நூலை உருவி எடுத்து, விரலில் சுற்றிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, கனமான பையை மாட்டிக்கொண்டவர் மாதிரி.

நூல் முழுக்கச் சுற்றி முடித்ததும் சொன்னார்.

"அன்னைக்கு டார்ச் போட்டேன் மச்சான். நீங்க இருந்தீங்க. அந்த வெளிச்சத்துல உங்க தோள்ல அவ கை மட்டும் தெரிஞ்சுது. அவ இல்ல. நடந்தா வந்துடுவான்னு நெனச்சுத்தான் நடங்கன்னேன்."

வலது கையைக் கொண்டுபோய் இடது தோள் மேல் வைத்து, அங்கே எதையோ இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தட்டவே மாட்டேங்குறா," என்றார். "நடந்ததுதான் மச்சான்."