சால்வை என்ன நிறம்

நான்கு படங்களிலும் சால்வையின் கருமை ஒரே அளவில் இருந்தது. அப்படி இருக்கவே கூடாது.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் ஏற்றித் தருவது இருபது வருடமாக அவள் தொழில். அதைக் குத்துமதிப்பாகச் செய்ய முடியாது. படத்தில் நிறம் தெரிந்த பொருள் ஏதாவது கிடைக்கும். ஒரு இலை, ஒரு செங்கல். அது எவ்வளவு கறுத்து விழுந்திருக்கிறது என்று பார்த்து, பக்கத்தில் இருப்பதன் நிறத்தைப் பிடிக்க வேண்டும். எந்தப் பொருளும் வெயிலில் வெளுக்கும், நிழலில் கறுக்கும். அம்மாவின் முகம்கூட நான்கு படத்தில் நான்கு விதமாக விழுந்திருந்தது. சால்வை மட்டும் வெயிலுக்கும் மசியவில்லை, நிழலுக்கும் மசியவில்லை. அதன்மேல் வெளிச்சமே படாததுபோல.

அண்ணன் கேட்ட வேலை இது. அம்மா போய் நாற்பத்தைந்து வருடமாகிறது, கூடத்தில் மாட்ட வண்ணத்தில் ஒரு படம் வேண்டும் என்றான். இருந்தவையே நான்குதான், எல்லாம் அம்மாவின் கடைசி வருடத்தில் எடுத்தவை. அசல்கள் அவன் வீட்டில் இருந்தன, இவளிடம் நகல்கள். சால்வை பச்சை என்று அவனுக்கு ஞாபகம். இவளுக்கு அப்போது நான்கு வயது, ஞாபகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கோளாறு நகலில்தானா என்று பார்க்க, அசலை நிறம் தெரிந்த ஏதாவது ஒரு பொருளோடு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள்.

காத்திருந்த நேரத்தில் சித்திக்குப் போன் செய்தாள். அம்மாவின் உடுப்பெல்லாம் தைத்துக் கொடுத்தவள் சித்திதான். சித்தி முதலில் நலம் விசாரித்தாள், தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். இவள் சால்வையின் நிறத்தைக் கேட்டாள்.

"அக்காகிட்ட ஏது சால்வை? கம்பளி பட்டாலே அவளுக்கு மேலெல்லாம் தடிச்சுப் போயிடுமே."

போனை வைத்த பிறகு அறை ரொம்ப அமைதியாக இருந்தது. கணினியின் விசிறி இரைவது கேட்டது, மாடிப்படியில் யாரோ இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போய்க் கீழே எங்கோ நின்றது. எங்கிருந்தோ, மழையில் நனைந்து சரியாகக் காயாத கம்பளியின் முடை வாடை லேசாக வந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வாடை வெளியிலிருந்து வரவில்லை.

அதுவரை அவள் படங்களை வந்த வரிசையில்தான் வைத்திருந்தாள். இப்போது, அசலில் இருந்ததைப் பார்த்து அண்ணன் நகல்களின் பின்புறம் எழுதி அனுப்பியிருந்த தேதிப்படி அடுக்கினாள்.

முதல் படத்தில் சால்வை அம்மாவுக்குப் பின்னால், காலி நாற்காலியின் முதுகில் கிடந்தது. இரண்டாவதில் அம்மாவின் இடது தோளில். மூன்றாவதில் இரண்டு தோளிலும். நான்காவதில் கழுத்தைச் சுற்றியிருந்தது, தாடை வரைக்கும். தேதியைப் பார்த்தாள். அம்மா சாவதற்கு ஒன்பது நாள் முன்பு.

தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

போன் அதிர்ந்தது. அண்ணனிடமிருந்து படம். அவன் பேத்தி, ஆறு வயது வாண்டு, ஒரு கையில் சிவப்புப் பள்ளிப் பையும் மறு கையில் அசலுமாக ஜன்னலோரம் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு நாற்காலி.

நாற்காலியின் முதுகில் சால்வை.

பச்சை இல்லை. நகம் நசுங்கி ரத்தம் கட்டினால் முதல் நாள் இருக்குமே, அந்த நிறம்.

அண்ணனை அழைத்தாள். உடனே எடுத்தான்.

"அண்ணா, அந்த நாற்காலி மேல என்ன கிடக்கு?"

"எந்த நாற்காலி? ஒண்ணுமில்லையே. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போ என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. படம் சரியாக விழவில்லையா, வெளிச்சம் போவதற்குள் இன்னும் இரண்டு மூன்று எடுத்து அனுப்புகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டான்.

மறுபடி அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

படம் வந்தது. வாண்டின் இடது தோளில்.

அழைத்தாள். எடுக்கவில்லை. "படம் எடுக்காதே" என்று தட்டினாள். விரல் வழுக்கி எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக விழுந்தது. அழித்தாள். தட்டினாள்.

படம். இரண்டு தோளிலும். குழந்தை சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

முடை வாடை இப்போது அறை முழுக்க. மறுபடி அழைத்தாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த படம் மேலிருந்து மெல்லத் திறந்தது. முடி. நெற்றி. அகலத் திறந்த கண்கள். பை தரையில் விழுந்து கிடந்தது. சால்வை கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அதன் ஒரு முனை குழந்தையின் தோளுக்கு மேலாகப் பின்னால் போய், காலி நாற்காலியின் கைப்பிடிக்கு மேலே அந்தரத்தில், தொய்வே இல்லாமல் விறைப்பாக நீண்டிருந்தது.