வில்லனுக்கு அடி எடுத்துக் கொடுத்தவள்

மறுபடியும் அந்தக் குரல். பாடகன் எர்மெதே வாயைத் திறக்கும் முன்பே பாட்டின் முதல் சொல் கீழேயிருந்து வந்து விழுந்தது.

இத்தாலியின் பார்மா நகரத்து ஓபரா அரங்கில் அன்று இசைநாடக ஒத்திகை. மேடை விளிம்பில், தரையோடு தரையாக ஒரு சின்ன மரக்கூண்டு. அதற்குள் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் அடி எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் உண்டு. வழக்கமான ஆளுக்குக் காய்ச்சல் என்று நிவெஸ் வந்திருந்தாள். இருட்டுக்குள் இரண்டு கண்கள்... மழையில் நனைந்த கருந்திராட்சை மாதிரி.

ரசிக்கிற நிலையில் எர்மெதே இல்லை. கனத்த குரலோடு பிறந்த பாவத்துக்கு, இந்த இளம் வயதிலேயே பஞ்சுத் தொப்பை, நரைத்த டோப்பா, சொத்துக்காக இளம்பெண்ணைக் கட்டத் துடிக்கும் கிழட்டு வில்லன் வேஷம். ஊர் மாறும், வேஷம் மாறாது. கடைசியில் உச்சஸ்தாயியில் பாடும் கதாநாயகன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவான். இவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். மேடைக்கு வெளியே ஒருத்தியிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசினாலும், அந்தக் குரலுக்கே சிரித்துவிடுகிறார்கள். இதில் இவள் வேறு...

"ஏங்க, நான் என்ன பச்சப் புள்ளையா? எனக்கு ஒரு வரியும் எடுத்துக் குடுக்க வேணாம்."

"எல்லாருக்கும் குடுக்கறதுதாங்க. வேணாம்னா எனக்குத் தொண்டத்தண்ணி மிச்சம்."

ஞாயிறு மதியக் காட்சி. வில்லன் வந்து பெண் கேட்கும் பாட்டு. செங்கல் கைமாறுகிற வேகத்தில் சொற்கள் பறக்க வேண்டும். பாதியில் ஒரு கல் கைநழுவியது. அடுத்த சொல் வரவில்லை. வாத்தியங்கள் அதே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. கூண்டைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்... உதடு அசையவில்லை. வீம்பை விட்டுவிட்டு, தொப்பையோடு கூண்டின் முன்னால் மண்டியிட்டான். தூக்கத்திலிருந்து விழித்தவள் போல அப்போதுதான் சொல்லைக் கொடுத்தாள். நடிப்பென்று நினைத்து அரங்கம் கைதட்டியது.

முடிந்ததும் பின்வாசலில் அவளைப் பிடித்துவிட்டான். வெளியே மழை. முகச்சாயம் பாதி கலைந்திருந்தது. அன்று பேசியது தன் தப்புதான் என்றான். அதற்கு இப்படிப் பழிவாங்கியது அதைவிடத் தப்பு என்றான். ஒத்திகை நாளிலிருந்து அந்தக் கண்களால் தூக்கம் போனதையும் அதே எரிச்சலோடு சொல்லித் தொலைத்தான்.

"சிரிச்சிடுங்க. நான் ஆசையாச் சொன்னா எல்லாரும் சிரிக்கத்தானே செய்யறாங்க."

நிவெஸ் சிரிக்கவில்லை. குடையை விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

"பழியெல்லாம் இல்லீங்க. நீங்க முழிச்சதுமே குடுக்கத்தான் நெனச்சேன். புத்தகம் முன்னாடி தெறந்துதான் இருந்துச்சு... நீங்க என்னையே பாத்தீங்களா... எனக்கு ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியல."